லாரி எஞ்சின் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறதா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடியில் பற்றிக்கொண்டிருந்த எஞ்சின், ஒரு நாள் நான்கு விநாடி எடுக்கும். இரண்டு வாரம் கழித்து ஏழு விநாடி. ஓட்டுநர் அதற்குப் பழகிவிடுவார். வண்டி எப்படியோ கிளம்பிவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் விநாடிகள் ஒவ்வொன்றும் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையும் பேட்டரியின் ஆயுளையும் தின்றுகொண்டிருக்கின்றன. சுமை ஏற்றி நிற்கும் ஒரு விடியற்காலையில் வண்டி அடியோடு மறுக்கும்போதுதான் மெக்கானிக்கைத் தேடி ஓடுவோம்.

இந்தக் கோளாறில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, ஊகத்தில் பாகங்களை மாற்றுவது. என்னிடம் வந்த ஒரு லாரிக்குப் புது பேட்டரிகள் போட்டிருந்தார்கள். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றியிருந்தார்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக்கூடச் சோதனைக்கு அனுப்பித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். காலையில் மட்டும் 12 விநாடி எடுக்கும் கோளாறு அப்படியே இருந்தது. அந்த வண்டியின் கதையை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று போதும்: எஞ்சின் எந்த நேரத்தில், எந்த விதமாக அடம்பிடிக்கிறது என்று பொறுமையாகக் கவனித்திருந்தால், அந்த மூன்று செலவும் நேர்ந்திருக்காது.

இந்தக் கட்டுரை டீசல் லாரிகளுக்கானது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களையும், தன் வண்டியைத் தானே புரிந்துகொள்ள விரும்பும் உரிமையாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

எஞ்சின் பற்றுவதற்கு என்ன வேண்டும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டரில் உள்ள காற்றை 16 முதல் 18 மடங்கு வரை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அதற்குள் பனிபோலத் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆக, எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும், டீசல் போதிய அழுத்தத்தோடு உரிய கணத்தில் வர வேண்டும், காற்று போதிய சூட்டை எட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது என்றால் இந்த மூன்றில் ஒன்று தாமதமாகிறது என்று பொருள். எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

தொடங்கும் முன் பாதுகாப்பு. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கை பிரேக் போட்டிருக்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கேபினைச் சாய்த்தால் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

முதல் படி: நோட்டும் கடிகாரமும்

மூன்று நாள் எதையும் கழற்றாமல் எழுதுங்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் எத்தனை விநாடி ஆனது, வண்டி எவ்வளவு நேரம் நின்றிருந்தது, எஞ்சின் சூடாக இருந்ததா, டேங்கில் டீசல் எவ்வளவு, மேட்டில் நின்றதா சரிவில் நின்றதா, செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயில் என்ன தெரிந்தது. ஓட்டுநரை வாய்மொழியாகக் கேட்டால் “எப்போதும் இப்படித்தான்” என்பார். நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் எப்போதும் அப்படி இருக்காது.

இரவு முழுக்க நின்ற பிறகு மட்டும் தாமதம், பகலில் அரைமணி நிறுத்தி எடுத்தால் உடனே பிடிக்கிறது என்றால், டீசல் லைனில் காற்று ஏறி டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கலாம், அல்லது குளிரில் சூடேற்றும் பாகம் வேலை செய்யாமல் இருக்கலாம். சூடான எஞ்சினை நிறுத்தி உடனே எடுக்கும்போதுதான் தாமதம் என்றால், இன்ஜெக்டரிலோ உயர் அழுத்த பம்பிலோ உட்கசிவு இருக்கக்கூடும். சூடான டீசல் மெலிந்துவிடுவதால் தேய்ந்த இடைவெளிகளில் எளிதாக வழிந்துவிடுகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாகவும், பாதிக்குக் கீழே போனால் மோசமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், டீசல் லைனில்தான் தேட வேண்டும். டேங்கில் மட்டம் உயரமாக இருக்கும்போது டீசல் பின்வாங்குவது குறைகிறது.

இரண்டாம் படி: காதால் கேளுங்கள்

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுழல்கிறதா? அல்லது நல்ல வேகத்தில் சுழன்றும் பற்றாமல் இருக்கிறதா? இந்த இரண்டும் ஓட்டுநரின் வாயில் ஒரே புகாராக வரும். காரணங்களோ முற்றிலும் வேறு. முதலாவது மின்சாரத்தின் பக்கம், இரண்டாவது பெரும்பாலும் டீசலின் பக்கம். டீசல் எஞ்சின் பற்ற நிமிடத்துக்கு 150 சுற்றாவது சுழல்வது நல்லது. 100 சுற்றுக்கும் கீழே போனால் காற்று சூடேறாது, கணினி உள்ள எஞ்சின்களில் டீசல் தெளிக்கும் கட்டளையும் வராமல் போகலாம். எஞ்சின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் சுற்று வேகத்தைப் பார்க்கலாம். ஸ்கேனர் இல்லையென்றால், உங்கள் வண்டி நன்றாக இருந்த காலத்து ஓசையை நினைவுபடுத்திப் பாருங்கள். கைபேசியில் ஓசையைப் பதிவு செய்து, அதே வகை எஞ்சின் உள்ள இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவது நான் புதியவர்களுக்குச் சொல்லும் எளிய வழி.

மெதுவாகச் சுழன்றால்

மல்டிமீட்டரை எடுங்கள். பெரும்பாலான கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. மொத்தமாக அளந்து நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. ஒன்று 12.7, மற்றொன்று 12.1 என்று வந்தால், பாட்டுப் பெட்டிக்கோ விளக்குக்கோ யாரோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இது மிகப் பரவலான பழக்கம்; ஒரு பேட்டரி எப்போதும் பாதி வயிற்றோடு கிடக்கும், மற்றது மிதமிஞ்சி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். இரண்டுமே சீக்கிரம் சாகும். மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் அளவிடுங்கள். மிதமான வெப்பநிலையில் ஒவ்வொரு பேட்டரியும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது.

பேட்டரி உறுதியாக நின்றும் எஞ்சின் சோம்பலாகச் சுழல்கிறதா? அப்படியென்றால் மின்சாரம் வழியில் தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்காமல், ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது காட்டும் அளவு அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தக் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. இதேபோல எதிர்முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளவிடுங்கள், அங்கே 0.3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது.

எர்த் பக்கத்தை எல்லோரும் மறக்கிறார்கள். எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் கம்பியை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். வெளியே பார்க்க இறுக்கமாக இருக்கும். கழற்றினால் வாஷருக்கு அடியில் பெயின்ட், அதற்கு அடியில் துரு, மின்சாரம் போக நகக்கண் அளவு பளபளப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும்.

குளிர் பிரதேசத்தில் ஓடும் வண்டியானால் எஞ்சின் ஆயிலின் தரத்தையும் பாருங்கள். கடுங்குளிரில் 15டபிள்யூ-40 ஆயில் கூழாகிவிடும். பேட்டரியும் அதே குளிரில் தன் பலத்தில் பாதியை இழந்திருக்கும்.

நல்ல வேகத்தில் சுழன்றும் பற்றாவிட்டால்

இங்கேதான் நிதானம் தேவை. முதலில் புகைக்குழாயைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும் நேரம் முழுக்கப் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் டீசல் நெடியோடு வந்தால், டீசல் போகிறது, பற்றவில்லை. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. இந்த ஒரு பார்வைக்கே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

புகை இல்லையென்றால், காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன், ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கை பம்பை அமுக்கிப் பாருங்கள். எத்தனை அமுக்கலில் அது கெட்டியாகிறது என்று எண்ணுங்கள். மூன்று நான்கிலேயே கெட்டியானால் லைனில் டீசல் நிற்கிறது. இருபது, முப்பது முறை தொளதொளவென்று போய்ப் பிறகு கெட்டியானால் இரவில் டீசல் இறங்கிவிட்டது. கெட்டியான பிறகு செல்ஃப் அடியுங்கள். இரண்டு விநாடியில் பிடித்துக்கொண்டால் நோய் உறுதி: லைனில் காற்று. செலவே இல்லாத சோதனை இது. மேலே சொன்ன லாரிக்கு யாரும் இதைச் செய்யவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அந்த லாரியில் கை பம்ப் 26 அமுக்கல்களுக்குப் பிறகுதான் கெட்டியானது. பிறகு எஞ்சின் உடனே பிடித்தது. கசிவைத் தேடிக் கீழே எங்கும் டார்ச் அடித்தோம். ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. புதியவர்கள் ஏமாறும் இடம் இது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வருவதைவிட, காற்று உள்ளே போவதுதான் அதிகம். எனவே சொட்டாது, ஈரமும் தெரியாது. ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் அரை மீட்டர் வாங்கி, உறிஞ்சும் பகுதியில் ஒரு குழாய்க்குப் பதிலாகப் பொருத்தினோம். நீர் பிரிப்பானுக்கு முன்னால் வைத்தபோது டீசல் கண்ணாடிபோல ஓடியது. அதற்குப் பின்னால் மாற்றி வைத்தபோது, கடுகு அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் ஓடின. பிரிப்பானின் கிண்ணத்தைக் கழற்றினால், ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கி, அங்கே நகத்தால் கீறியதுபோல ஒரு வெட்டு. முந்தைய ஃபில்டர் மாற்றத்தின்போது வளையம் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நெரிந்திருக்கிறது. புது வளையத்துக்கு டீசல் தடவி, பள்ளத்தில் விரலால் ஒரு சுற்று அழுத்தி உட்கார வைத்துக் கையால் இறுக்கினோம். மறுநாள் காலை இரண்டரை விநாடி.

ஹோஸ் பொருத்திய முதல் ஒரு நிமிடம் வரும் குமிழிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை நாம் கழற்றியபோது புகுந்த காற்று. அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் கசிவு. குமிழியே இல்லை, இருந்தும் டீசல் இரவில் இறங்குகிறது என்றால், ஃபில்டர் தலையிலோ ஃபீட் பம்பிலோ உள்ள ஒருவழி வால்வு மூடாமல் இருக்கலாம். எங்கே என்று பிடிபடாவிட்டால், சுத்தமான கேனில் டீசல் ஊற்றிப் பாதுகாப்பாகக் கட்டி வைத்து, ஃபீட் பம்பின் உறிஞ்சும் குழாயையும், மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் அதில் விட்டு ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் உடனே பிடித்தால், கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில் இருக்கிறது. ரப்பர் ஹோஸ்கள் கிளிப் கடிக்கும் இடத்தில் வெடித்திருக்கும், குழாய் முனையை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் தட்டையாகியிருக்கும், டேங்கினுள் இருக்கும் உறிஞ்சு குழாயில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஃபில்டர் அடைப்பையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மாற்றிய தேதி தெரியவில்லை என்றால் மாற்றிவிடுவது நல்லது. புது ஃபில்டரில் நடு ஓட்டை வழியாக டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள். அது வடிகட்டிய பக்கம், அதில் விழும் தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். கை பம்பால் நிரப்புங்கள்.

காமன் ரெயில் எஞ்சின்களில்

இவற்றில் உயர் அழுத்த பம்ப் ரெயில் என்ற பொதுக் குழாயில் டீசலை நிரப்ப, அதிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. லைனில் காற்று இல்லை, எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, இருந்தும் தாமதம் என்றால் ஸ்கேனர் தேவை. பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். பல எஞ்சின்களில் அது சுமார் 200 முதல் 300 பார் எட்டினால்தான் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்கிறது. சரியான எண் உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கும். அழுத்தம் ஏறும் வேகம்தான் முக்கியம். உடனே ஏறியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசலின் அழுத்தம் குற்றமற்றது. 80, 110, 140 என்று நத்தைபோல ஏறினால் எங்கோ உள்ளே வழிகிறது.

அந்த வழிவு இன்ஜெக்டரிலா, ரெயிலின் அழுத்த வால்விலா, பம்பிலா என்று பிரிக்க ரிட்டர்ன் சோதனை இருக்கிறது. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிப் பாட்டில்களில் விட்டுச் சேரும் டீசலை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல இரு மடங்கு நிறைந்தால் அதைக் கழற்றலாம். பல கனரக எஞ்சின்களில் ரிட்டர்ன் பாதை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஓடுவதால், மொத்த அளவைத்தான் பார்க்க முடியும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கும் வேலை பழகிய பட்டறைக்குரியது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பம்ப் எஞ்சின்களில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவார்கள். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலுக்குக் கொண்டுவரக் கூடாது. ஓடும்போது அதன் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். மயிரிழைக் கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். முதலில் எறும்பு கடித்ததுபோலத்தான் தெரியும், சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். கசிவை ஒருபோதும் கையால் தடவித் தேடாதீர்கள், ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். அப்படிக் காயம் பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அழுத்தம் சரியாக ஏறியும் பற்றவில்லை என்றால் கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் பாருங்கள். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்பவை இவைதான். ஒன்று ஊமையானால், சில எஞ்சின்கள் மற்றொன்றை வைத்துத் தட்டுத் தடுமாறிக் கணக்கிட்டுத் தாமதமாகப் பற்றும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் சுற்று வேகம் பூஜ்யமாகவே நின்றால் காரணம் இங்கேதான். சென்சாரைக் கழற்றினால் நுனியில் இரும்புத் துகள் மீசைபோல ஒட்டியிருக்கும். துடைத்து, வயரையும் கனெக்டரையும் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். பல நேரம் புது சென்சாரே தேவைப்படாது.

வெள்ளைப் புகையும் காலைக் குளிரும்

டீசல் போகிறது, பற்றவில்லை என்றால் சூடு போதவில்லை. சூடேற்றுவதற்குச் சிறிய எஞ்சின்களில் சிலிண்டருக்குள் குளோ பிளக் இருக்கும், பெரியவற்றில் பெரும்பாலும் காற்று நுழையும் வழியில் ஹீட்டர். குளோ பிளக்கின் வயரைக் கழற்றி ஓம் அளவில் பாருங்கள். நல்லது ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும், எரிந்துபோனது எதுவும் காட்டாது. ஹீட்டருக்கு, குளிர்ந்த எஞ்சினில் சாவியைப் போட்டதும் அதன் போல்ட்டில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலேயையும் பியூஸையும் தேடுங்கள். ஹீட்டரோ குளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் செய்யும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சூடான கம்பியில் பட்டு, காற்றுக்குழாயிலேயே வெடிக்கும். பிஸ்டன் உடைந்த எஞ்சின்களும் உண்டு.

கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரையும், புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் மடல் மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷனுக்கு, அதாவது சிலிண்டர் காற்றை நெருக்கும் திறனுக்கு, வர வேண்டும். செல்ஃப் அடிக்கும் ஓசை சீராக இல்லாமல், ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று விரைந்தால் அந்தச் சிலிண்டர் காற்றைப் பிடிக்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்றும் பாருங்கள். வால்வை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிபார்த்து எத்தனை காலமாயிற்று என்று கேளுங்கள். வால்வு முழுதாக மூடாவிட்டாலும் கம்ப்ரஷன் குறையும், அதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டர்களையும் அளந்து ஒப்பிடுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வண்டியை ஓர் இரவு முழுக்க, டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது, முன்பு அடம்பிடித்த அதே சரிவில் நிறுத்துங்கள். காலையில் கை பம்பைத் தொடாமல் சாவியைத் திருப்பி, விநாடிகளை எண்ணி, பழைய எண்களுக்குக் கீழே அதே நோட்டில் எழுதுங்கள்.